அந்தப் பிள்ளைக்கும் விளையாட ஆசைதான்

பெருநாள் தினத்தின் பின்னேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சகோதரி. வீடு நிறைய உறவினர். கொழும்பிலிருந்து வந்த மாமா பிள்ளைகளுக்கு ஒரு கரடிப் பொம்மை கொண்டுவந்திருக்கிறார். அதன் உள்ளங்கையை அழுத்தினால் பாட்டுப் பாடும், தலையை ஆட்டும். பிள்ளைகள் ஒருவர் கையிலிருந்து மற்றவர் பறித்துப் பறித்து அழுத்துகிறார்கள். வீடு அதிர்கிறது.

சுவரோரம் தலையணை சாத்தி இருத்தப்பட்டிருக்கிறாள் ஏழு வயது மகளொருத்தி. பிறந்த நேரத்தில் மூளையில் ஏற்பட்ட பாதிப்பினால் அவளது கைகளும் கால்களும் அவள் சொன்னபடி கேட்பதில்லை. ஆனால் கண்கள் மட்டும் கரடியை விட்டு அகலவில்லை. அதைக் கண்ட ஒரு ராத்தா கரடியை எடுத்து அவள் மடியில் வைத்து, தானே அதன் கையை அழுத்திக் காட்டுகிறாள். கரடி பாடுகிறது. பிள்ளை முகமெல்லாம் சிரிக்கிறது. பாட்டு முடிகிறது. மீண்டும் அழுத்துவதற்கு ஆளில்லை. ராத்தா குசினிக்குப் போய்விட்டாள்.

“அவளுக்கு எதுக்கு இதெல்லாம்? மத்தப் புள்ளைகளுக்குக் குடுங்க” என்கிறார் உம்மா. வெறுப்பினால் சொல்லவில்லை. களைப்பினாலும் கவலையினாலும் சொல்கிறார்.

இத்தகைய காட்சியை நம்மில் பலர் எங்காவது ஒரு வீட்டில் கண்டிருப்போம். நமது நாட்டில் 2012 ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட குடிசன மதிப்பீட்டின்படி, 5 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமானோரில் 8.7 வீதத்தினர் பார்த்தல், கேட்டல், நடத்தல், பேசுதல் போன்றவற்றில் ஏதாவதொரு சிரமம் உள்ளவர்கள். எனவே இது எங்கோ ஒரு வீட்டின் கதையல்ல. நமது குடும்பத்தில் இல்லாவிட்டால் நமது ஒழுங்கையில் இருக்கும்.

இப்போது ஒரு கேள்வி. அந்தப் பிள்ளையால் விளையாட முடியாமல் போனதற்குக் காரணம் அவளது கையா, அல்லது கரடியின் கையில் வைக்கப்பட்ட அந்தச் சின்னஞ்சிறு பொத்தானா?

இந்தக் கேள்வியைத் தமது மாணவர்களிடம் கேட்கும் பல்கலைக்கழகங்கள் இன்று அமெரிக்காவில் பல இருக்கின்றன. அவர்கள் கேள்வியோடு நிற்பதில்லை. கரடியையும் கத்தரிக்கோலையும் மாணவர்களின் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள்.

பொத்தான் யாரை நினைத்துச் செய்யப்பட்டது?

எந்தப் பொருளையும் செய்பவர் தன் மனதில் ஓர் ஆளை நினைத்துக்கொண்டே செய்கிறார். கரடியின் கையில் பொத்தானை வைத்தவர், விரல்களை மடக்கத் தெரிந்த, அழுத்தப் போதிய பலமுள்ள, ஒரு கையால் பொம்மையைப் பிடித்து மறு கையால் அமுக்கக்கூடிய பிள்ளையை நினைத்தார். அவ்வாறில்லாத பிள்ளை அவருடைய நினைவுக்கு வரவேயில்லை. நினைவுக்கு வராத பிள்ளைக்குக் கதவு மூடப்பட்டுவிடுகிறது. மூடியவருக்கே அது தெரியாது.

இதைத் தன் வாழ்க்கையில் அனுபவித்து உணர்ந்தவர் ரொன் மேஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 9 வயதில் போலியோ நோய் கண்டதால் அவர் சக்கர நாற்காலியில் வாழ்ந்தார். பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்த காலத்தில், வகுப்புக்குச் செல்ல அவரைப் படிகளில் தூக்கிக்கொண்டு ஏறவேண்டியிருந்தது. கழிவறைக் கதவினூடாகச் சக்கர நாற்காலி நுழையாது. கட்டடம் கட்டப் படிக்க வந்தவருக்கே அந்தக் கட்டடத்தில் இடமில்லை! 1966 இல் பட்டம் பெற்று வெளியேறிய அவர், எல்லோராலும் பயன்படுத்தக்கூடியவாறு பொருட்களையும் கட்டடங்களையும் ஆரம்பத்திலேயே திட்டமிட வேண்டும் என்று வாதிட்டார். 1985 இல் அதற்குப் ‘பொது வடிவமைப்பு’ என்ற கருத்துப்பட ஒரு பெயரும் வைத்தார். 1998 இல் அவர் காலமாவதற்கு முந்திய ஆண்டில், அவரும் சக அறிஞர்களும் சேர்ந்து அதற்கான 7 கோட்பாடுகளை வெளியிட்டார்கள். இன்று ‘அனைவரையும் உள்ளடக்கும் வடிவமைப்பு’ என்று பேசப்படும் சிந்தனைக்கு இதுவும் ஓர் அத்திவாரம்.

பெரிய வார்த்தைகளாக இருக்கின்றனவே என்று நினைக்கிறீர்களா? உங்கள் குசினியிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். சாம் பார்பர் என்ற அமெரிக்க வர்த்தகர், மூட்டுவாத நோயுள்ள தன் மனைவி தோல் சீவும் கருவியைப் பிடிக்க முடியாமல் வேதனைப்படுவதைக் கண்டார். மெல்லிய இரும்புப் பிடிக்குப் பதிலாகத் தடித்த, மெத்தென்ற இறப்பர் பிடி போட்ட கருவிகளை 1990 இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். நோயாளிகள் மட்டுமா வாங்கினார்கள்? ஈரக் கையோடு உருளைக்கிழங்கு சீவும் எல்லோரும் வாங்கினார்கள். கை நோகும் ஒருவரை மனதில் வைத்துச் செய்தது கை நோகாதவருக்கும் சுகமாக அமைந்தது. நடைபாதையின் விளிம்பில் சக்கர நாற்காலிக்காகச் செய்யப்படும் சரிவில், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும் தாயும்தானே இலகுவாக ஏறுகிறாள்?

விளையாட்டு ஓர் ஆடம்பரமா?

“நடக்கவே முடியாத பிள்ளைக்கு வைத்தியம் முக்கியமா, விளையாட்டு முக்கியமா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு கைக்குழந்தையைக் கவனித்துப் பாருங்கள். கிலுகிலுப்பை தற்செயலாகக் கையில் பட்டுச் சத்தமிடுகிறது. குழந்தை ஒரு கணம் திகைக்கிறது. மீண்டும் கையை அசைக்கிறது. மீண்டும் சத்தம். “நான் செய்தேன், அதனால் இது நடந்தது” என்ற மாபெரும் உண்மையை அந்தக் கணத்தில் அது கற்றுக்கொள்கிறது. பேச்சும் படிப்பும் முயற்சியும் இந்த ஒரு பாடத்தின் மேலேதான் கட்டப்படுகின்றன. அழுதால் உம்மா வருவார், கேட்டால் கிடைக்கும், முயன்றால் முடியும் என்பதெல்லாம் இதன் கிளைகள்.

கை அசையாத பிள்ளைக்கு இந்தப் பாடம் கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாக வேறொரு பாடம் கிடைக்கிறது. “நான் என்ன செய்தாலும் ஒன்றும் நடக்காது. மற்றவர் செய்தால்தான் நடக்கும்.” இந்தப் பாடத்தை நன்றாகப் படித்துவிட்ட பிள்ளை பிறகு முயற்சி செய்வதையே நிறுத்திவிடுகிறது. உடலில் இருக்கின்ற இயலாமையை விட மனதில் குடியேறும் இந்த இயலாமை பொல்லாதது. அமைதியாக இருக்கிறாள், தொந்தரவு இல்லாத பிள்ளை என்று நாமும் திருப்திப்பட்டுக்கொள்கிறோம். அந்த அமைதியைக் கண்டு உண்மையில் நாம் பயப்பட வேண்டும்.

ஐக்கிய நாடுகள் சபை 1989 இல் நிறைவேற்றிய சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31 ஆவது உறுப்புரை, விளையாடுவதைப் பிள்ளையின் உரிமையாக ஏற்றுக்கொள்கிறது. நமது நாடும் 1991 இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. எல்லாப் பிள்ளைகளுக்குமான உரிமை அது. நடக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் என்று அதில் எழுதியில்லை.

சியாட்டில் நகரத்து மாணவர்கள்

அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ‘ஹஸ்கி அடாப்ட்’ என்ற மாணவர் குழு இயங்குகிறது. பொறியியல் மாணவர்கள், இயன்மருத்துவம் படிப்போர், வேறு துறைகளைச் சேர்ந்தோர் எனப் பலரும் அதில் உண்டு. அவர்கள் பொம்மைகளை மாற்றியமைக்கும் பட்டறைகளை நடத்துகிறார்கள். முன் அனுபவம் இல்லாதவர்களும் வந்து கற்றுக்கொள்ளலாம். கடையில் வாங்கிய சாதாரணப் பொம்மைகளைப் பிரித்து, இயலாமையுள்ள பிள்ளைகள் இயக்கக்கூடியவாறு மாற்றி, குடும்பங்களுக்கும் சிகிச்சை நிலையங்களுக்கும் வழங்குகிறார்கள்.

இவ்வாறு மாற்றப்பட்ட பொம்மைகள் கடைகளில் இல்லையா? சில விசேட நிறுவனங்கள் விற்கின்றன. ஆனால் சாதாரணப் பொம்மையின் விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு, சில வேளை அதற்கும் மேல் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே வைத்தியச் செலவில் தவிக்கும் குடும்பம் ஒரு கரடிக்காக அவ்வளவு கொடுக்குமா? மாணவர்களின் கைவேலையிலோ, மாற்றுவதற்குத் தேவையான வயருக்கும் துணைப் பாகங்களுக்கும் ஆகும் செலவு சிறு தொகைதான்.

அப்படி என்னதான் செய்கிறார்கள்? கேட்டால், “இவ்வளவுதானா!” என்று சொல்வீர்கள்.

ஒரு கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு

பற்றரியில் இயங்கும் எந்தப் பொம்மையிலும் நடப்பது ஒன்றுதான். பற்றரியிலிருந்து புறப்படும் மின்சாரம் மோட்டாருக்கோ ஒலிபெருக்கிக்கோ சென்று மீண்டும் பற்றரிக்கே வந்து சேர வேண்டும். வழியில் ஓர் இடைவெளி இருந்தால் மின்சாரம் ஓடாது. பொத்தான் என்பது அந்த இடைவெளியை அடைக்கும் சாதனம். பாடசாலையில் விஞ்ஞான பாடத்தில் ‘ஆளி’ என்று படித்திருப்பீர்கள்.

மாணவர்கள் பொம்மையின் முதுகுத் தையலைக் கவனமாகப் பிரிக்கிறார்கள். பஞ்சை விலக்கி, பொத்தானுக்குச் செல்லும் இரண்டு வயர்களையும் தேடிப் பிடிக்கிறார்கள். அந்த இரண்டு வயர்களோடும் இன்னும் இரண்டு வயர்களை ஈயம் உருக்கி ஒட்டி, வெளியே கொண்டுவருகிறார்கள். அவற்றின் நுனியில், ரேடியோவில் காதுபோன் செருகும் துளையைப் போன்ற 3.5 மில்லிமீற்றர் அளவுள்ள ஒரு துளைப்பாகத்தைப் பொருத்துகிறார்கள். பின்னர் பஞ்சை அடைத்துத் தைத்துவிடுகிறார்கள். மின்சுற்று வரையத் தெரிந்த மாணவன் இந்த இடத்தில் ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாமல் விழித்தால் அதில் ஆச்சரியமில்லை!

இனி அந்தத் துளையில் எந்த ஆளியையும் செருகலாம். உள்ளங்கையை விடப் பெரிய, இலேசாகத் தொட்டாலே அமுங்கும் வட்டமான ஆளிகள் உண்டு. பிள்ளையின் முழங்கைக்கு அருகில் வைக்கலாம். காலடியில் வைக்கலாம். தலையை மட்டும் அசைக்கக்கூடிய பிள்ளைக்குக் கன்னத்தின் பக்கத்தில் பொருத்தலாம். தலை சாய்ந்து ஆளியில் பட்டால் கரடி பாடும்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பழைய பொத்தானை அவர்கள் வெட்டி எறியவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு வழியைத் திறந்திருக்கிறார்கள். எனவே தங்கை கரடியின் கையை அழுத்தியும் விளையாடலாம், ராத்தா தன் கன்னத்தால் ஆளியைத் தொட்டும் விளையாடலாம். இருவருக்கும் ஒரே கரடி. ‘அவளுடைய பொம்மை’ என்று தனியாக ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை.

பொம்மையைப் பிரிக்காமலே செய்யும் இன்னொரு வழியும் உண்டு. இரு பக்கமும் செம்பும் நடுவில் மின்சாரம் கடத்தாத பொருளும் உள்ள மெல்லிய சிறு தகடொன்றை எடுத்து, பக்கத்திற்கொரு வயர் ஒட்டி, பற்றரிக்கும் அதைத் தொடும் உலோகத்திற்கும் இடையில் செருகிவிடுவார்கள். மின்சாரம் அங்கே தடைப்பட்டு வயர் வழியாக வெளியிலுள்ள ஆளியைச் சுற்றி வரும். ஆளியை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். தள்ளித் திறந்து விட்டால் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும் கார், நாய்க்குட்டி போன்ற பொம்மைகளுக்கே இது பொருந்தும். அழுத்தும்போது மட்டும் பாடும் கரடிக்கு முதலில் சொன்ன முறைதான் சரி.

சின்ன வேலைதான். ஆனால் சின்னத் தவறும் பொம்மையைக் கெடுத்துவிடும். சூடு கூடினால் பிளாஸ்டிக் உருகிவிடும். வயர் வெளியேறும் இடத்தில் உள்ளே ஒரு முடிச்சுப் போட மறந்தால், பிள்ளை ஒரு தடவை இழுத்ததும் ஒட்டிய இடம் கழன்றுவிடும். மாணவர்கள் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்கிறார்கள்.

கார் ஓட்டும் இரண்டு வயது

பொம்மையை இயக்குவது ஒரு படி. தானே நகர்வது அடுத்த படி. தவழும் பருவம் வந்ததும் குழந்தை வீட்டை என்ன பாடுபடுத்துகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? அலுமாரியைத் திறக்கும், மாவுச் சட்டியைக் கவிழ்க்கும். உம்மாவுக்கு அது தொல்லை, குழந்தைக்கு அது பல்கலைக்கழகம். தவழ முடியாத பிள்ளைக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் அனுமதி கிடைப்பதில்லை. மின்சாரச் சக்கர நாற்காலிகளோ விலை கூடியவை, பாரமானவை. இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் அவை கொடுக்கப்படுவதில்லை.

டெலவெயர் பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவப் பேராசிரியராக இருந்த கோல் கலோவே இதைப் பற்றி ஆராய்ந்தார். பொறியியலாளர்களோடு சேர்ந்து குழந்தைகள் ஓட்டக்கூடிய ரோபோ வண்டிகளை அவர் முதலில் பரீட்சித்தார். குழந்தைகள் ஆர்வத்தோடு ஓட்டினார்கள். ஆனால் அவ்வண்டிகளைச் சாதாரணக் குடும்பங்கள் வாங்க முடியாது. ஆகவே விளையாட்டுச் சாமான் கடையில் விற்கும், பிள்ளைகள் ஏறி ஓட்டும் பற்றரிக் காரை எடுத்தார். காலால் மிதிக்கும் பகுதிக்குப் பதிலாக, ஸ்டியரிங்கின் மேல் ஒரு பெரிய ஆளியைப் பொருத்தினார். பிள்ளை சரிந்து விழாமலிருக்க பி.வி.சி. குழாய்களினால் ஒரு சட்டம். அதன்மேல் நீச்சல் பழகுவோர் பாவிக்கும் மென்மையான நுரைக் குழாய். ஒட்டும் பட்டியினால் இடுப்புக்கு ஓர் இறுக்கம். ‘கோ பேபி கோ’ என்ற இந்த முயற்சியின் சிறப்பு, அதன் செய்முறையை மறைத்து வைக்காமல் யாரும் செய்யலாம் என்று திறந்து விட்டதுதான். இன்று பல நாடுகளில் மாணவர்களும் பெற்றோரும் இப்படியான கார்களைச் செய்கிறார்கள்.

புளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரிலுள்ள வட புளோரிடாப் பல்கலைக்கழகத்திலும் பொறியியல் மாணவர்களும் இயன்மருத்துவ மாணவர்களும் ஒன்றாகச் சேர்ந்து, குறிப்பிட்ட ஒரு பிள்ளைக்கென்று காரையும் பொம்மையையும் மாற்றியமைத்துக் கொடுக்கிறார்கள். அந்த இரு சாராரும் ஒரே மேசையில் அமர்வது ஏன் முக்கியம் என்பதை இனிப் பார்ப்போம்.

கருவியை விடப் பெரிய பாடம்

ஒரு பொறியியல் மாணவன் ஆளியைப் பிள்ளையின் வலக்கைப் பக்கம் வைக்கிறான், பொம்மையை இடப்பக்கம் வைக்கிறான் என்று கொள்வோம். அவன் கணக்கில் எல்லாம் சரி. ஆனால் மூளைப் பாதிப்புள்ள சில பிள்ளைகள் தலையை ஒரு பக்கம் திருப்பினால், அந்தப் பக்கக் கை தானாகவே நீண்டு விறைக்கும், மறுபக்கக் கை மடங்கிக்கொள்ளும். பிள்ளை பொம்மையைப் பார்க்க இடப்பக்கம் திரும்பியதும் வலக்கை மடங்கிவிடுகிறது. ஆளி எட்டாமற் போகிறது. பிள்ளை முயலவில்லை என்று அவன் எண்ணுவான். இயன்மருத்துவ மாணவி பார்த்தவுடன் சொல்வாள்: “இரண்டையும் பிள்ளைக்கு நேர் முன்னால், நடுவில் வையுங்கள்.” ஓர் அங்குல வயர்கூட மாற்றாமல் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இவர்கள் இருவருக்கும் தெரியாதது பிள்ளையின் உம்மாவுக்குத் தெரியும். காலை பத்து மணிக்குத்தான் பிள்ளை உற்சாகமாக இருப்பாள், இடக்காலின் பெருவிரலை மட்டும் நினைத்தபடி அசைப்பாள், திடீர்ச் சத்தம் கேட்டால் பயந்துபோவாள் என்பதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? சியாட்டில் மாணவர்கள் இயலாமையுடன் வாழ்பவர்களையும் அவர்களின் குடும்பத்தினரையும் ‘தேவை நிபுணர்கள்’ என்று அழைக்கிறார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்! இரவில் கண்விழித்துப் பிள்ளையைப் புரட்டிப் படுக்கவைக்கும் ஒரு தாயைப் பல்கலைக்கழகம் நிபுணர் என்று அழைத்து, அவர் முன்னால் குறிப்பேட்டோடு அமர்கிறது.

மாணவர்கள் இங்கே பெறும் பாடம் இதுதான். முதலில் கேள், பிறகு செய். செய்ததைப் பிள்ளையின் முன்னால் வைத்துப் பார். அவள் பாவிக்காவிட்டால் குற்றம் உன் வேலையில் இருக்கிறது. நாளை இவர்களே வங்கி இயந்திரமும் பஸ்ஸும் கைத்தொலைபேசியும் வடிவமைக்கப் போகிறவர்கள். அன்று ஒரு பொத்தானை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போது, கன்னத்தால் கரடியைப் பாடவைத்த அந்தப் பிள்ளை நினைவுக்கு வருவாள். வரவேண்டும் என்பதே ஆசிரியர்களின் எதிர்பார்ப்பு.

இதிலும் குறை சொல்ல இடமுண்டு. ஒரு நாள் பட்டறைக்கு வந்து, பொம்மை செய்து, படம் பிடித்துக்கொண்டு போனால், பிள்ளையின் முகத்தையே காணாமல் ‘நன்மை செய்தோம்’ என்ற திருப்தி மட்டும் மிஞ்சும் ஆபத்து இருக்கிறது. இயலாமையுடன் வாழ்பவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது, “எங்களைப் பற்றிய முடிவை எங்களை விட்டுவிட்டு எடுக்காதீர்கள்” என்பதாகும். பொம்மை மூன்று மாதத்தில் பழுதடைந்தால் யார் திருத்துவது? மாணவன் பட்டம் பெற்றுப் போய்விட்டால் குடும்பம் யாரைத் தேடும்? நல்ல குழுக்கள் செய்முறையை எழுதி வைத்து, அடுத்த ஆண்டு மாணவர்களிடம் ஒப்படைக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, பொம்மையைப் பின்னால் திருத்துவதை விடத் தொழிற்சாலையிலேயே சரியாகச் செய்வதுதான் முறை.

அதற்கும் முன்மாதிரி உண்டு. பிரேசில் நாட்டில் பார்வையற்றோருக்கான ஒரு மன்றத்திலிருந்து எழுந்த யோசனையைக் கொண்டு, லெகோ நிறுவனம் பிரெய்ல் எழுத்துக் கட்டைகளை 2020 இல் அறிமுகப்படுத்தியது. கட்டையின் மேலுள்ள குமிழ்களே பிரெய்ல் எழுத்துக்கள். பக்கத்திலேயே சாதாரண எழுத்தும் அச்சிடப்பட்டிருக்கும். பார்வையுள்ள தம்பியும் பார்வையற்ற நானாவும் ஒரே கட்டையில் ஒரே சொல்லைக் கட்டலாம். சுவீடன் நாட்டின் தலைநகரில் 1963 இலேயே, விசேட தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து ‘லெகோடெக்’ என்ற விளையாட்டுச் சாமான் நூலகத்தை ஆரம்பித்தார்கள். புத்தகம் இரவல் எடுப்பதுபோல் பொம்மையை இரவல் எடுத்துச் சென்று விளையாடிவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். எது தம் பிள்ளைக்குப் பொருந்தும் என்று ஆலோசனையும் கேட்கலாம். அதைத் தொடங்கியவர்கள் அரசாங்கமல்ல, பெற்றோர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

சியாட்டிலும் டெலவெயரும் தூரத்தில் இருக்கலாம். மின்சுற்று எங்கும் ஒன்றுதான். உங்கள் மகனோ மகளோ உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கலாம். உங்கள் ஊரில் ரேடியோ, கைத்தொலைபேசி திருத்தும் கடை இருக்கலாம். மேலே சொன்ன வேலை அவர்களுக்குப் பெரிய காரியமல்ல. ஆளியை எங்கே வைப்பது, பிள்ளையை எப்படி இருத்துவது என்பதை மட்டும் கிளினிக்கில் இயன்மருத்துவரிடமோ தொழில்வழிச் சிகிச்சையாளரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

வயரே இல்லாமல் செய்யக்கூடியவையும் பல உண்டு. வர்ணப் பென்சிலைப் பிடிக்க முடியாத பிள்ளைக்கு அதன்மேல் ஸ்பொஞ்ச் அல்லது துணி சுற்றித் தடிப்பாக்குங்கள். சாமான்கள் வழுக்கி ஓடாமலிருக்க அடியில் ஈரத் துணியோ இறப்பர் விரிப்போ போடுங்கள். விளிம்புள்ள தட்டில் வைத்துக் கொடுத்தால் உருண்டு விழாது. லூடோ பலகையின் கோடுகள் மேல் ஒட்டுப்பசையைத் தடிப்பாக இட்டுக் காயவிட்டு, நான்கு நிறங்களின் காய்களுக்கும் வெவ்வேறு துணியோ கடதாசியோ ஒட்டினால், பார்வையற்ற பிள்ளையும் விரலால் தடவி விளையாடலாம். துணிப் பந்தின் உள்ளே ஒரு மணியை வைத்து இறுக்கித் தைத்தால் சத்தத்தைக் கேட்டு ஓடிப் பிடிக்கலாம். காது கேளாத பிள்ளைக்குப் பாட்டுப் பொம்மையை விட வெளிச்சம் போடும், அதிரும் பொம்மை பொருத்தமானது.

சில எச்சரிக்கைகளையும் மறக்காதீர்கள். பற்றரியில் இயங்கும் பொம்மைகளை மட்டுமே மாற்றலாம். வீட்டு மின்சாரத்தில் செருகும் எதையும் தொடக்கூடாது. வில்லை போன்ற சிறு பற்றரிகளும் காந்தத் துண்டுகளும் விழுங்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே அவற்றின் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். நீளமான வயரோ கயிறோ பிள்ளையின் கழுத்துக்கு எட்டக்கூடாது. வலிப்பு நோயுள்ள பிள்ளைக்கு மின்னி மின்னி எரியும் பொம்மை வாங்கும் முன் வைத்தியரைக் கேளுங்கள்.

இன்னுமொன்று. பிள்ளையின் முன் பொம்மையை வைத்ததும் நம் கை அவசரப்படும். நாமே அழுத்திக் காட்டிவிடுவோம். கொஞ்சம் பொறுங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். தேவைப்பட்டால் இன்னும் பத்து. அந்தப் பிள்ளையின் மூளையிலிருந்து கட்டளை புறப்பட்டு, வழியில் தடுமாறி, கைக்கு வந்து சேர நமக்கு ஆவதை விடக் கூடிய நேரம் ஆகும். நாம் முந்திக்கொண்டால் அவள் தொடங்கிய முயற்சி பாதியில் நின்றுவிடும். பொறுத்திருந்தால் அவளே செய்வாள். அன்றைய வெற்றி அவளுடையது.

மீண்டும் அந்தப் பெருநாள் வீட்டுக்குப் போவோம். கரடி மடியில் இருக்கிறது. அவளது கன்னத்துக்குப் பக்கத்தில் தட்டையான பெரிய ஆளியொன்று பொருத்தப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள். யாரும் தொடவில்லை. தலை மெல்லச் சாய்கிறது, நிற்கிறது, மீண்டும் சாய்கிறது. கரடி பாடுகிறது. பாட்டு முடிந்ததும் எல்லோருடைய கண்களும் அவள் பக்கம் திரும்புகின்றன. அடுத்த பாட்டு எப்போது என்று தீர்மானிப்பவள் இப்போது அவள்தான்.

அடுத்த முறை ஒரு பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் வாங்கும்போது, சகோதரி, அந்தப் பொத்தானை ஒரு தடவை உங்கள் முழங்கையால் அழுத்திப் பாருங்கள். உங்கள் ஒழுங்கையில் இருக்கும் அந்தப் பிள்ளை அப்போது உங்கள் நினைவுக்கு வருவாள்.